மென்பொருளைத் திறந்ததும் இறங்கிய ஊசி

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்குக் கரூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. வீட்டிலேயே குயில்ட் (நடுவே பஞ்சு வைத்த அடுக்குப் போர்வை) தைக்கும் இயந்திரம் செய்திருப்பவர். மூலைகளில் தையல் குவிகிறது, எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பது அவருடைய கேள்வி. பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினோம். அலைபேசியை வைக்கப்போகும் நேரத்தில், "நேற்று வீட்டுக்காரி விரலில் ஊசி இறங்கிவிட்டது சார். எக்ஸ்ரே பார்த்து உடைந்த துண்டை எடுத்துவிட்டார்கள். இப்போது பரவாயில்லை" என்றார். மூலைத் தையல் தலைப்புச் செய்தி, விரல் பின்குறிப்பு!

இந்த ஆண்டில் என் காதுக்கு வந்த மூன்றாவது விரல் இது. தையல் இயந்திரங்களுக்கு மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மாற்றித் தருவது என் பிழைப்பு. வீட்டில் செய்பவர்களைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. கணினியில் ஓடும் குயில்ட் இயந்திரத்தை விலைக்கு வாங்கப் பல லட்சம் வேண்டும். பழைய தையல் தலை ஒன்று, அலுமினியச் சட்டம், இரண்டு ஸ்டெப்பர் மோட்டார் (ஒரு மின் துடிப்புக்கு ஓர் அடி என்று நகர்பவை), ஓர் ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, அதில் மோட்டார்களை நகர்த்தும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் என்று இவர் கட்டியிருந்ததைப் படத்தில் பார்த்தேன். சட்டத்தின் நேர்த்தி என் பட்டறை வேலையைவிட மேல். இப்படிச் செய்யத் தெரிந்த கைக்கு, ஒரு ரூபாய்கூடப் பெறாத ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) போடத் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

நடந்தது இதுதான். அந்த அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் இவர் மென்பொருளைத் திறந்து 'இணை' என்ற பொத்தானை அழுத்தினார். தையல் ஓட்டவில்லை, எந்தக் கோப்பையும் ஏற்றவில்லை, இணைத்தார், அவ்வளவுதான். யூனோ பலகை கணினியோடு இணையும்போது தன்னைத்தானே ஒருமுறை ரீசெட் செய்துகொள்ளும். அந்த ஓரிரு நொடிக்கு அதன் பின்கள் (கம்பி மாட்டும் முனைகள்) எதுவும் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை. காற்றில் தொங்கும் கம்பிபோல. அதில் ஒரு பின்தான் ஊசியை ஓட்டும் சர்வோ மோட்டாரின் பெட்டியில், மிதி பெடலை மாட்டும் வாய்க்குப் போயிருந்தது. பெடலை யாரோ மிதித்துவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொண்டது. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்குப் பத்துக் குத்து. விரலை இழுத்துக்கொள்ள ஏது நேரம்?

விரல் காப்புக் கம்பி எங்கே என்று கேட்டேன். நூல் கோக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். அந்தக் கம்பி என்ன, அலங்காரத்துக்கா வந்தது?

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. "திரையில் சிவப்பாக ஸ்டாப் பொத்தான் இருக்கிறதே சார், உடனே அழுத்திவிட்டேன்."

இதைக் கொஞ்சம் விரித்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று வீட்டிலும் கேட்ட வாக்கியம் இது. திரையில் இருக்கும் அந்தப் பொத்தான் ஒரு படம். அதைச் சுட்டியால் தொட்டால், கணினிக்கு அப்போது வேறு வேலை இல்லையென்றால், ஓர் எழுத்து யு.எஸ்.பி. கம்பி வழியாகப் பலகைக்குப் போகும். பலகை விழித்திருந்தால் கேட்கும். அன்றைக்குப் பலகை ரீசெட்டில் இருந்தது. காது கேட்காதவரிடம் கூப்பாடு போட்ட கதை. கணினி உறைந்திருக்கலாம். மோட்டாரின் மின் இரைச்சலில் யு.எஸ்.பி. இணைப்பே விழுந்திருக்கலாம்; தையல் சர்வோவைத் தரைக்கம்பி இல்லாமல் மாட்டுகிற வீடுகளில் இதை வாரம் ஒருமுறை பார்க்கிறேன்.

கம்பி விழுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்கிறீர்களா? நீங்களே செய்து பாருங்கள். ஊசியைக் கழற்றுங்கள், நூலை எடுங்கள், ஒரு வடிவத்தை ஓட்டுங்கள், நடுவில் யு.எஸ்.பி. கம்பியை உருவுங்கள். பலகைக்குத் தனியாக மின்சாரம் வருகிறதென்றால் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜிஆர்பிஎல் அடுத்து செய்ய வேண்டிய பதினைந்து நகர்வுகள்வரை முன்கூட்டியே வாங்கி மனதில் வைத்திருக்கும். அவை இரண்டரை மி.மீ. துண்டுகள் என்றால் சில செ.மீ.க்குள் முடியும். குயில்டின் குறுக்கே 600 மி.மீ. நேர்கோடு ஒரே வரியாக எழுதப்பட்டிருந்தால், அந்த 600 மி.மீ.யையும் முடித்துவிட்டுத்தான் நிற்கும். அதற்குப் பிறகும் சட்டம்தான் நிற்கும். எம்3 என்ற கட்டளையில் ஓடத் தொடங்கிய ஊசி மோட்டார், எம்5 வரும்வரை அதே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும். எம்5 வரவேண்டிய கம்பியைத்தான் உருவிவிட்டீர்களே!

இது மென்பொருளின் பிழை இல்லை. அது பிறந்த வீடு வேறு. ஜிஆர்பிஎல்லும், அதே வேலையைக் கணினியிலிருந்து செய்யும் மாக்3, லினக்ஸ்சிஎன்சி ஆகியவையும் மில்லிங், ரவுட்டர் போன்ற வெட்டும் கருவிகளின் உலகத்தில் வளர்ந்தவை. லினக்ஸ்சிஎன்சி, அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1990களில் தொடங்கிய ஈஎம்சி திட்டத்தின் வழிவந்தது. மரத்துக்குள் சுழலும் வெட்டுக்கருவி நடுவழியில் நின்றால் உடையும். ஆகவே நகர்வை நிறுத்தச் சொன்னால் சட்டத்தை மட்டும் நிறுத்தி, கருவியைச் சுழலவிடுவதே அங்கே நல்ல பழக்கம். ஊசிக்கு அது அப்படியே தலைகீழ். சந்தேகம் வந்தால் ஊசி முதலில் நிற்க வேண்டும், அதுவும் துணிக்கு மேலே நிற்க வேண்டும். 'நிறுத்திவை' என்று அழுத்திவிட்டு, சட்டம் நின்றதைப் பார்த்து நூலைச் சரிசெய்யக் கையை நீட்டினால், ஊசி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது விரல் அப்படிப் போனதுதான்.

அந்த மென்பொருளை எழுதியவர்களே இதை மறைக்கவில்லை. லினக்ஸ்சிஎன்சியின் மூலநிரல் கோப்புகள் பலவற்றின் தலைப்பிலேயே, பாதுகாப்புக்கு மென்பொருளை மட்டும் நம்புவது அறிவீனம் என்றும், ஆட்கள் அருகே போகுமுன் எல்லா மோட்டார்களுக்கும் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்க வழி இருக்க வேண்டும் என்றும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

ஆகவே ஒரு நிஜமான அவசரப் பொத்தான் வாங்குங்கள். காளான் தலை வைத்து, அழுத்தினால் மாட்டிக்கொண்டு, திருகினால்தான் விடுபடும் வகை. அது ஒரு கான்டாக்டர் (பெரிய மின்சாரத்தை வெட்டி இணைக்கும் காந்த சுவிட்ச்) வழியாகச் சர்வோ பெட்டிக்குப் போகும் மின்சாரத்தையே வெட்ட வேண்டும். பொத்தானை விடுவித்ததும் இயந்திரம் தானாகக் கிளம்பக் கூடாது. தனியாக ஒரு பச்சைப் பொத்தான் வேண்டும். சிவப்புப் பொத்தானிலிருந்து ஒரு கம்பியை ஆர்டுயினோவுக்குக் கொடுத்துவிட்டு 'எமர்ஜென்சி வைத்துவிட்டேன்' என்று படம் அனுப்பாதீர்கள். அந்தப் பொத்தான் இருக்க வேண்டிய இடம் ஊசிக்குப் பக்கத்தில் நிற்பவரின் கைக்கு எட்டும் தூரம். கணினி மேசை எதற்கு? விரல் அங்கேயா இருக்கிறது? வெட்டிய பின்னும் மோட்டார் ஓரிரு சுற்று ஓடித்தான் நிற்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

ரெசிஸ்டர்: பெடல் வாய்க்குப் போகும் கம்பிக்கும் பலகையின் தரைப் பின்னுக்கும் (ஜிஎன்டி) நடுவே 4.7 கிலோ ஓம். பின் தொங்கும்போது கம்பியைப் பூஜ்யத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பூஜ்யத்தில் உங்கள் பெட்டி உண்மையிலேயே நிற்கிறதா என்று முதலில் சோதியுங்கள், எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இல்லை. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைகளில் கிடைக்கும் மலிவான நீல ரிலே பலகைகளில் பல, பின் பூஜ்யத்துக்குத் தாழ்ந்தால் ஆன் ஆகிறவை. ஜிஆர்பிஎல் விழித்ததும் தன் பின்னைத் தாழ்த்தி வைக்கும், ரிலே ஆன் ஆகிவிடும். காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்டதுபோல. மாக்3யைக் கணினியின் பழைய பேரலல் போர்ட்டில் ஓட்டுபவர்கள், சார்ஜ் பம்ப் வசதி உள்ள பலகையைப் பயன்படுத்துங்கள். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாக 12.5 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு வரும்வரை அது எதையும் வெளியே விடாது. விண்டோஸ் எழும்போது பின்கள் ஆடும் கூத்துக்கு அதுதான் பூட்டு.

இனி அவர் கேட்ட மூலைத் தையல். சட்டம் மூலையில் வேகம் குறையும், ஊசி குறையாது, தையல் குவியும். ஜிஆர்பிஎல்லில் லேசருக்கென்று இருக்கும் நிலையை இயக்கி, எம்3க்குப் பதில் எம்4 கட்டளை கொடுத்தால், நகர்வின் வேகத்துக்கு ஏற்ப வெளியீடும் ஏறி இறங்கும். நகர்வு நின்றால் வெளியீடும் பூஜ்யம். எம்3க்கு எவ்வளவோ தேவலாம். ஆனால் தையல் சர்வோக்கள் குறைந்த வேகத்தில் சொன்ன பேச்சைக் கேட்காது, ஆகவே குவியல் கொஞ்சம் மிஞ்சும்.

நான் விரும்புவது வேறு வழி. ஊசியை ஒரு சுழல்கருவியாக நினைப்பதை விட்டு, ஓர் அச்சாகவே ஆக்கிவிடுங்கள். கைச்சக்கரத் தண்டில் மூடிய சுற்று ஸ்டெப்பரோ (தன் இடத்தைத் தானே சரிபார்த்துக்கொள்வது) துடிப்பு வாங்கும் சர்வோவோ மாட்டி, இசட் அச்சின் ஒரு மி.மீ. என்பது ஊசியின் ஒரு முழுச் சுற்று என்று அமையுங்கள். இயந்திரத்துக்குக் கொடுக்கும் கட்டளைக் கோப்பான ஜி-கோட்டில் ஒவ்வொரு தையலும் ஒரு வரி: இரண்டரை மி.மீ. நகர், இசட் ஒன்று கூடு. சட்டமும் ஊசியும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள். மூலையில் இரண்டும் சேர்ந்து மெதுவாகும், நிறுத்திவைத்தால் சேர்ந்து நிற்கும். துடிப்பு இல்லையேல் நகர்வு இல்லை என்பதால் ரீசெட் நேரத்து விபத்தும் பெரும்பாலும் ஒழியும். ஸ்டெப்பரில் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். துடிப்பின் வேகம் போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். யூனோ நொடிக்கு 30,000 துடிப்பு தரும், 80 துடிப்புக்கு ஒரு மி.மீ. என்ற அமைப்பில் சட்டத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்; ஊசி அச்சுக்குத்தான் ஒரு சுற்றுக்கு 3,000 துடிப்பைத் தாண்டாமல் அமையுங்கள். கோப்புகள் நீளும், நீளட்டும்.

ஊசி மேலே இருக்கிறதா என்று சொல்ல கைச்சக்கரத்தில் ஒரு காந்தமும், காந்தம் அருகே வந்தால் உணரும் ஹால் சென்சாரும் வையுங்கள். ஊசி கீழே இருக்கும்போது அம்புக்குறிப் பொத்தானால் சட்டத்தை நகர்த்தினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஓடும்போதேகூட, சுற்றில் மூன்றில் ஒரு பங்கு ஊசி துணிக்குள் இருக்கிறது என்று வைத்தால், இரண்டரை மி.மீ. தையலுக்குச் சட்டம் ஊசியை 0.8 மி.மீ. வளைக்கிறது. 16ஆம் எண் ஊசியின் தடிமன் ஒரு மி.மீ. பஞ்சு விட்டுக்கொடுப்பதால் பிழைக்கிறது. தையலை நான்கு மி.மீ. ஆக்குகிறேன் என்று கிளம்பினால் ஊசி தகட்டில் அடிபட்டு உடையும். துண்டு எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி அணியுங்கள், குழந்தைகளை அந்த அறையில் விடாதீர்கள்.

தயவுசெய்து, நூல் கோக்கும் முன் மோட்டாரின் சுவிட்சை அணையுங்கள். பழைய மிதி இயந்திரத்தில் காலை எடுத்தால் போதும், அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருக்கிறது. இங்கே பெடலை மிதிப்பது உங்கள் கால் இல்லை.

கரூர்க்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பிளக்கைப் பிடுங்கி, அந்த அம்மாவிடமே கொடுத்து வைக்கச் சொன்னேன்.