நேற்றிரவு சாப்பிட்ட சோறு இன்று காலை எங்கே இருக்கிறது?

சென்னையில் ஜனவரி மாதத்து விடியற்காலை, மாரத்தான் ஓட்டம். 30-வது கிலோமீட்டரில் தண்ணீர் கொடுக்கும் மேசையருகே நின்றிருந்தேன். நல்ல வேகத்தில் வந்த இளைஞர் ஒருவர் மேசையைத் தாண்டிப் பத்தடி போனார், தயங்கினார், நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அடிபடவில்லை, மூச்சும் பெரிதாக வாங்கவில்லை. ஆனால் பெயரைக் கேட்டால் சொல்வதற்கே நேரமெடுத்தது. தொடையைத் தட்டிக் காட்டி, "இது என் காலே இல்ல சார்" என்றார்.

வாழைப்பழமும், சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சைச் சாறும் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது, பேச்சு வந்தது. உடம்பு குறையட்டும் என்று மூன்று வாரமாகச் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாராம். எழுந்து ஓடப் பார்த்தார். தலை தெளிந்துவிட்டது, கால் மட்டும் எழவில்லை. கடைசியில் வண்டியில்தான் அனுப்பி வைத்தோம்.

தலை தேறியது, கால் ஏன் தேறவில்லை? உழைக்கிற உடம்புக்கு எதை, எப்போது சாப்பிட வேண்டும் என்பதற்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

சோறு, இட்லி, சப்பாத்தி, கேழ்வரகுக் களி எதுவானாலும் அதிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்துக்கு வருகிறது. ரத்தம் அதை அதிகம் வைத்துக்கொள்ளாது. உடம்பிலுள்ள மொத்த ரத்தத்திலும் எந்த நேரத்திலும் ஓடுவது சுமார் 5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு தேக்கரண்டி அளவு. மிச்சம் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் 400 கிராம்.

கிளைக்கோஜனின் அமைப்பே அழகு. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகள் ஒரே கயிறாக நீளாமல், முருங்கை மரம் போலக் கிளை விட்டுக் கிளை விட்டுப் படர்ந்திருக்கின்றன. நொதிகள் (உடம்பில் வேதிமாற்றங்களை நடத்தும் புரதங்கள்) கிளை நுனியிலிருந்துதான் மணிகளைக் கழற்ற முடியும். நுனிகள் ஏராளம் என்பதால் ஒரே நேரத்தில் பல இடங்களில் பறிக்கலாம். பேருந்தைப் பிடிக்க நாம் சட்டென்று ஓட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு கிடங்குகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கல்லீரல் தன் இருப்பை ரத்தத்தில் விட்டு எல்லோருக்கும் பங்கிடும். தசையால் அது முடியாது. குளுக்கோஸை வெளியே விடுவதற்குத் தேவையான நொதி அதனிடம் இல்லை. தொடையில் சேர்ந்தது தொடைக்கு மட்டும். கையின் தசையில் நிறைய இருப்பு இருந்தாலும் கால் அதைக் கடன் வாங்க வழியில்லை.

நாம் தூங்கும்போதும் மூளை குளுக்கோஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் அதற்கு வேண்டும். இரவு முழுக்கக் கல்லீரல் அதைக் கொடுத்து, விடியும்போது பெருமளவு கரைந்திருக்கும். தசைகளின் இருப்போ அப்படியே இருக்கும். நேற்றிரவு சாப்பிட்ட சோற்றில் கல்லீரலுக்குப் போன பங்கை மூளை தின்றுவிட்டது. காலுக்குப் போன பங்கு காலிலேயே காத்திருக்கிறது.

இப்போது அந்த இளைஞரின் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 42 கிலோமீட்டர் ஓடினால் 2,500 கிலோகலோரி. கிடங்குகள் இரண்டும் முழுதாக நிறைந்திருந்தாலே 2,000 கிலோகலோரிதான், அதிலும் கைக்குரியது காலுக்கு உதவாது. கொழுப்பு ஏராளமாக இருக்கிறதே என்றால், அது மெதுவாகத்தான் எரியும். நடைக்கு அது தாராளம். வேக ஓட்டத்துக்குப் போதாது. அரைகுறையாக நிரம்பிய கிடங்கோடு வந்தவர் 30-வது கிலோமீட்டர் வரை தாக்குப்பிடித்ததே பெரிது. பழத்தின் சர்க்கரை ரத்தத்தில் ஏறியதும் மூளை விழித்துக்கொண்டது. காலியான தொடை மறுபடி நிறைய, ஒழுங்காகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

1924-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, தள்ளாடி வந்து சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மறு வருடம் முன்கூட்டியே மாவுச்சத்து நிறைந்த உணவும், வழியில் மிட்டாயும் கொடுத்தார்கள். நிலைமை நன்றாகவே மாறியது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1966-இல் சுவீடனில் நடந்தது. யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் உடம்பிலேயே செய்து பார்த்தது. உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரே காலால் மட்டும், இனி முடியாது என்ற நிலை வரை மிதித்தார்கள். பிறகு இரண்டு தொடைகளிலும் ஊசி செலுத்தித் துளி தசை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் கிட்டத்தட்டக் காலி. ஓய்ந்திருந்த காலில் குறையவே இல்லை. அடுத்த மூன்று நாட்கள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. மிதித்த கால் நிறைந்ததோடு நிற்காமல், மற்றக் காலைவிட இரண்டு மடங்கு சேர்த்துக்கொண்டது!

ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். உழைத்த கால் வாங்கிக்கொண்டது, உழைக்காத கால் கையை விரித்துவிட்டது. நாற்று நட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு முன்னால் குவிந்த சோறும், எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்தவருக்கு முன்னால் குவிந்த சோறும் ஒன்றல்ல. முதலாமவர் தசையில் இடம் காத்திருக்கிறது. இரண்டாமவருக்கு எல்லாம் நிரம்பியிருக்கிறது; மிஞ்சியது கொழுப்பாகிறது. பழியைச் சோற்றின் மேல் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எவ்வளவு வேண்டும்? தினமும் ஒரு மணி நேரம் போல வியர்க்க உழைப்பவருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் சொல்லும் அளவு. 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 300 கிராம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் உண்டு. பருப்பு, பழம், பாலிலிருந்தும் கொஞ்சம் வரும். அரை மணி நேரம் நடப்பவருக்கு இவ்வளவு தேவையில்லை, தனி பானமும் தேவையில்லை, தண்ணீர் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால்தான் வழியில் வாழைப்பழம். சாற்றில் சர்க்கரையோடு உப்பு சேர்ப்பதற்கும் காரணம் உண்டு: குடலின் சுவரில் ஒரு வாசல் வழியே சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன, தண்ணீரும் பின்னாலேயே போகிறது.

உழைத்த தசையைச் செப்பனிடப் புரதம் வேண்டும். ஒரு வேளைக்கு 20 கிராம் அளவு போதும். மூன்று முட்டை, அல்லது ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோடு ஒரு டம்ளர் பால் என்றால் ஏறக்குறைய அந்தக் கணக்கு வந்துவிடும். புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், சோற்றில் குறைவான லைசின் பருப்பில் உண்டு, பருப்பில் குறைவான மெத்தியோனின் சோற்றில் உண்டு.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அபூர்வம். குளுக்கோஸ் தசைக்குள் நுழைவதற்கான கதவு ஒரு புரதம். கதவுகள் செல்லுக்குள்ளே மடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால் மேலே வரும். பெரும்பாலோருக்கு வரும் வகைச் சர்க்கரை நோயில் அந்தத் தட்டல் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்தாலே, இன்சுலின் தட்டாமலும், அதே கதவுகள் மேலே வருகின்றன. (இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் புதிதாகப் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும்.)

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரவு ஒரு கரண்டி சோறும் நிறையக் கீரையும் சாப்பிட்டுவிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக் கொடிக்கும் நடுவே கால் மணி நேரம் நடக்கிறாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் தொடையில் சில கதவுகள் திறந்துகொண்டிருக்கின்றன.