அயனியைத் தேர்ந்தெடுத்தது யார்?

"அயனி தேர்ந்தெடுக்கப்பட்ட மின்முனையை இடையகத் தீர்வில் மூழ்கடிக்கவும்." நீர்ப் பரிசோதனைக் கருவி ஒன்றோடு வந்த தமிழ்க் கையேட்டில் உள்ள வாக்கியம் இது. நாகர்கோவிலில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் இதை அப்படியே மைக்கில் வாசித்தார்கள். அப்புறம் வகுப்பில் கொடுத்த குறிப்பில் வந்தது, அதிலிருந்து மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுக்கும் போய்விட்டது. கேட்டுக் கேட்டுக் காது புளித்ததால் எழுதுகிறேன். ஆறு சொல் வாக்கியத்தில் ஐந்து கோளாறு. 'அயனி' ஒன்றுதான் தப்பித்தது.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் இது 'அயான் செலக்டிவ் எலெக்ட்ரோடு'. மின்னூட்டம் கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம்தான் அயனி. கரைசலில் ஓர் அயனி எவ்வளவு இருக்கிறது என்பதை மின்னழுத்தமாகக் காட்டும் சாதனம் இது. அதில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். ஒரு பக்கம் அளவு தெரிந்த கரைசல், மறுபக்கம் நாம் சோதிக்கும் தண்ணீர். இரண்டு பக்கமும் அயனியின் அளவு வேறுபடுவதால் சவ்வின் குறுக்கே மின்னழுத்தம் பிறக்கிறது. நெர்ன்ஸ்ட் 1889-இல் தந்த சமன்பாடுதான் இதற்கு அடிப்படை: 25 டிகிரி செல்சியஸில், ஒற்றை மின்னூட்டம் கொண்ட அயனி பத்து மடங்கு கூடினால் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும், கால்சியம் மாதிரி இரட்டை மின்னூட்டம் என்றால் அதில் பாதி. அமிலத்தன்மை அளக்கும் பி.எச். மீட்டரின் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் இந்தக் குடும்பத்தில் மூத்தது. கண்ணாடிச் சவ்வின் இந்தக் குணத்தை 1906-இல் கிரேமர் கண்டார், 1909-இல் ஹேபரும் கிளெமென்சிவிச்சும் அதை அளவிடும் கருவியாக்கினார்கள். ஆஸ்பத்திரியில் சோடியம், பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுக்கிறார்களே, அந்த 'எலெக்ட்ரோலைட்' டெஸ்டையும் பெரும்பாலும் இதே வகைச் சாதனம்தான் செய்கிறது.

இனி சொற்கள். அயான், எலெக்ட்ரோடு, ஆனோடு, கேத்தோடு எல்லாம் 1834-இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹியூவெல்லிடம் யோசனை கேட்டு, கிரேக்கத்திலிருந்து எடுத்தார். அயான் என்றால் 'போவது'. நம்முடைய 'அயனி' ஒலியையும் பிடித்திருக்கிறது, பொருளையும் பிடித்திருக்கிறது. உத்தராயணத்தில் இருக்கும் 'அயனம்' என்ற வடசொல்லுக்கும் செல்லுதல் என்றே பொருள், வேரும் அந்தக் கிரேக்கச் சொல்லின் வேரோடு உறவுடையது. எங்கள் குமரி மாவட்டத்தில் மட்டும் ஒரு சிறு சிக்கல் உண்டு: அயனி என்றால் இங்கே மரம். கதவும் வள்ளமும் செய்யும் மரம், பிள்ளைகள் தின்னும் அயனிச் சக்கை. வேதியியல் வகுப்பில் முதல்முறை இந்தச் சொல் வரும்போது பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். இலங்கைத் தமிழர் 'அயன்' என்கிறார்கள். அவர்களுக்குப் பிரமன் குறுக்கே வருகிறான். போகட்டும், இரண்டும் நல்ல சொற்களே.

'மின்முனை'தான் எனக்குப் பிடிக்காது. முனை என்றால் என்ன என்று குமரிமுனைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலம் கூர்ந்து முடியும் இடம். எலெக்ட்ரோடு கூராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பி.எச். மீட்டரில் அது குமிழ், ஃபுளூரைடு கருவியில் வட்டப் படிகத் துண்டு, சில பழைய கருவிகளில் வெறும் பாதரசக் குட்டை. தவிர, பேட்டரியின் நேர்முனை, எதிர்முனை என்று கம்பி மாட்டும் இடத்துக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 'மின்வாய்' அப்படியில்லை. எலெக்ட்ரோடு என்ற சொல்லின் வாலில் இருக்கும் கிரேக்க 'ஹோடோஸ்' என்றால் வழி. தமிழில் 'வாய்' என்பதற்கும் வழி என்ற பொருள் உண்டு. வாயில், வாய்க்கால் எல்லாம் அதிலிருந்து வந்தவை. மின்சாரம் கரைசலுக்குள் போய்வரும் வாசல், மின்வாய். பாடநூல்களில் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று பல காலமாக நன்றாகவே புழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டு முனையைப் பிடித்துத் தொங்குவானேன்?

சரி, உண்மையான சண்டை நடுச்சொல்லில் இருக்கிறது. 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்றால் யாரோ ஒருவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார் என்று பொருள். எதை? 'அயனி தேர்ந்தெடுக்கப்பட்ட மின்முனை' என்றால் அயனி போய்க் கடையில் நின்று மின்முனையைத் தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கிறது. வேட்பாளர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதுபோல அயனி தேர்ந்தெடுக்கப்பட்டது என்று இழுத்துப் பொருள் கொண்டாலும், தேர்ந்தெடுத்தவர் யார் என்பது மறைந்துபோகிறது. இங்கே தேர்வது மின்வாயின் சவ்வு. அதுவும் ஒருமுறை தேர்ந்துவிட்டு உட்கார்ந்துவிடுவதில்லை, தண்ணீரில் இருக்கும்வரை தேர்ந்துகொண்டே இருக்கிறது. செய்பவனைச் செயப்படுபொருளாக்கி, நடந்துகொண்டிருப்பதை நடந்து முடிந்ததாக்கி, ஒரே சொல்லில் இரண்டு பிழை.

இதைச் சொன்னால் உடனே இன்னொருவர் 'அயனிக்குரிய மின்முனை' என்கிறார், மற்றொருவர் 'குறிப்பிட்ட அயனி மின்முனை' என்கிறார். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் இது முன்னதைவிட ஆபத்து. அந்த ஓர் அயனியை மட்டுமே இது பார்க்கும், வேறு எதற்கும் அசையாது என்று நம்பவைக்கிறது. அப்படி ஒரு மின்வாய் உலகத்தில் இல்லை. 'குறிப்பிட்ட அயனிக்கே உரியது' என்ற பொருள் தரும் பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று வேதியியல் பெயர்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான ஐயுபேக்கே ஆங்கிலத்துக்குச் சொல்லியிருக்கிறது. அவர்கள் கைவிட்டதை நாம் ஏன் பொறுக்க வேண்டும்?

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. மணக்குடிப் பக்கம் கடலோரக் கிணற்றில் நைட்ரேட் பார்க்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். நைட்ரேட் மின்வாய்க்குக் குளோரைடும் கொஞ்சம் கண்ணில் படும். ஒன்றோடு ஒப்பிட மற்றதை எவ்வளவு மதிக்கிறது என்பதைச் சொல்லும் எண் தெரிவுக் கெழு, அது 0.005 என்று கொள்வோம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குளோரைடு உள்ள உப்புத் தண்ணீரில், இல்லாத நைட்ரேட் ஏறத்தாழ 9 மில்லிகிராம் இருப்பதாக மீட்டர் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500 நைட்ரேட்டுக்கு 45 என்று வரம்பு வைத்திருக்கும்போது, அதில் ஐந்தில் ஒரு பங்கு பொய். 'குறிப்பிட்ட அயனி' என்று படித்த பையன் இந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டுப் போவான். தெரிவு என்று படித்தவனுக்குக் குளோரைடையும் பார்க்கத் தோன்றும். குளச்சலில் சாளை வலையில் சாளை மட்டுமா விழுகிறது? அதே பருமனுள்ள வேறு மீனும் மாட்டும். அதற்காக அதைச் சாளை வலை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. 'சாளை தேர்ந்தெடுக்கப்பட்ட வலை' என்றும் சொல்வதில்லை.

'அயனித் தேர்வு மின்வாய்' என்று சொல்பவர்களும் உண்டு. பொருள் சரிதான், ஆனால் இன்றைய காதுக்குத் தேர்வு என்றால் பரீட்சை. 'அயனிதேர் மின்வாய்' என்றால் சுசீந்திரம் தேர் நினைவுக்கு வருகிறது. என் பரிந்துரை 'அயனிதெரி மின்வாய்'. தெரிதல் என்றால் ஆராய்ந்து எடுத்தல். குறளில் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று மூன்று அதிகாரம் இருக்கிறது. வேதாகமத் தமிழில் 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' என்று ஞாயிறுதோறும் கேட்பவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். இலங்கையில் தெரிவு இன்றும் அன்றாடச் சொல். ஊறுகாய், குடிநீர் மாதிரி வினைத்தொகையாக வைத்துவிட்டால் காலம் காட்டாது: தெரிந்த, தெரிகின்ற, தெரியும் மூன்றும் அதற்குள் அடங்கும். 'தெரி' என்றால் இன்று கண்ணுக்குத் தெரிதல் அல்லவா என்று கேட்பார்கள். இருக்கட்டும், அயனியைத் தெரியவைப்பதும் அதன் வேலைதானே. இதுவும் வகைப்பெயராகப் புத்தகத்தில் இருந்தால் போதும். மேசைமேல் இருப்பதை ஃபுளூரைடு மின்வாய், பொட்டாசியம் மின்வாய் என்று கூப்பிடுங்கள், சாளை வலை மாதிரி.

ஃபுளூரைடு மின்வாய் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1966-இல் ஃப்ரான்ட், ராஸ் இருவரும் செய்த அதன் சவ்வு, லாந்தனம் ஃபுளூரைடுப் படிகம். கொஞ்சம் யூரோப்பியம் கலந்தது. அதை ஓரளவு ஏமாற்றக்கூடியது ஹைட்ராக்சைடு மட்டும்தான், அதனால்தான் பி.எச்.சை 5, 5.5 அளவில் நிறுத்தும் கரைசலை முதலில் சேர்க்கிறார்கள். அந்த லாந்தனம் எங்கிருந்து கிடைக்கும்? மோனசைட் மணலிலிருந்து. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கால் வைத்தால் ஒட்டுமே, அந்தக் கனிம மணலில் இருக்கிறது. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்று நாரோடு ஒட்டிப் போன மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கவனித்ததும், ஹேபர் கருவி செய்த அதே 1909-இல்தான். பொருள் நம் காலடியில் கிடக்கிறது, பெயரைத்தான் கண்றாவியாக இறக்குமதி செய்கிறோம்.

மொழிபெயர்ப்பவர்களைப் பற்றியும் கொஞ்சம். கையேட்டை இப்போது எந்திரத்தில் போட்டு எடுக்கிறார்கள். அது வரட்டும், வந்ததை ஒருவர் வாசிக்க வேண்டாமா? 'சொல்யூஷன்' என்றால் கரைசல் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். எந்திரத்துக்கு அது 'தீர்வு'. உப்பைத் தண்ணீரில் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் போல. பி.எச். மாறாமல் தாங்கிப் பிடிக்கும் தாங்கல் கரைசல் ('பஃபர்') 'இடையகத் தீர்வு' ஆகிறது. 'மூழ்கடிக்கவும்' என்றால் கொல்லச் சொல்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது, 'அமிழ்த்தவும்' என்றால் என்ன குறைந்துவிடும்? சென்சார் என்று சொல்வதைக்கூட நான் குற்றம் சொல்ல மாட்டேன், உணரி என்றாலும் நல்லது. தூய தமிழ் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களும் எந்திரத்துப் பிள்ளைகளும் இந்த ஓர் இடத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள்: இரு தரப்பும் கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை.

அதே கையேட்டின் அடுத்த பக்கத்தில் 'மேற்கோள் மின்முனை' என்று ஒன்று இருக்கிறது. எதை மேற்கோள் காட்டும் என்று வெகுநேரம் யோசித்தேன். 'ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு' என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அது தன் மின்னழுத்தம் மாறாமல் ஒரு பக்கம் நிற்கும், மற்றதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒப்பீட்டு மின்வாய் என்று எழுதியிருக்கலாம்.