இரும்பு எரியும் கணம்: வெடிமருந்து அறையில் பித்தளைக் கருவிகள் ஏன்?

தீபாவளி நெருங்கும் வேளையில், பெங்களூரு அல்சூரில் வசிக்கும் வாசகர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். உரிமம் பெற்று வாணவேடிக்கையைப் பொழுதுபோக்காகச் செய்யும் வெளிநாட்டு ஆர்வலர்கள், தங்களுக்கு வேண்டிய கைக்கருவிகளைத் தாங்களே கடைந்து செய்துகொள்கிறார்கள். அவர்களது கொட்டாப்புளி மரத்தாலும், மருந்தை இடிக்கும் கோல் பித்தளையாலும் இருக்கின்றன. எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் இரும்புக் கம்பியை அவர்கள் ஏன் தொடுவதே இல்லை என்று அவர் கேட்கிறார்.

இரும்பில் தீப்பொறி பறக்கும் என்பது எல்லோரும் சொல்லும் பதில், அது சரியானதே. வெடிமருந்து அறைகளில் மரம், செம்பு, பித்தளை போன்ற மென்மையான பொருள்களால் ஆன கருவிகளையே பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் 1875-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. ஆனால் செம்பையும்தான் கல்லில் உரசுகிறோம்; அதுவும் சூடாகத்தான் செய்கிறது. பொறி மட்டும் ஏன் இரும்பில் பறக்கிறது என்பதில்தான் சுவையான அறிவியல் ஒளிந்திருக்கிறது.

லண்டனில் அறிவியலாளர் ராபர்ட் ஹூக் சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் அடித்து, விழுந்த பொறிகளை வெள்ளைத் தாளில் ஏந்தி, நுண்ணோக்கியில் பார்த்தார். அவற்றில் சில, உருகிக் குளிர்ந்த மிகச் சிறிய எஃகு உருண்டைகளாக இருந்ததை 1665-இல் படத்துடன் வெளியிட்டார். இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். ஒரு கையடியின் வெப்பம் மட்டுமே அந்த உயரத்துக்குக் கொண்டுபோவதில்லை. மீதி வெப்பத்தைத் தருவது காற்றிலுள்ள ஆக்சிஜன். கல்லின் கூர்முனை எஃகிலிருந்து ஒரு நுண்துகளைச் சீவி எடுக்கும்போது, அந்தச் சீவலின் வெப்பத்தில் துகள் சூடேறுகிறது. துகள் சிறியதாகச் சிறியதாக, அதன் எடையோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகமாகிறது. புதிதாக வெட்டுப்பட்ட அந்தப் பரப்பின் மீது ஆக்சிஜன் பாய்ந்து சேர, இரும்பு எரியத் தொடங்குகிறது. பல ஆண்டுகளில் துருவாகக் கரையும் இரும்பு, இங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறத்தாழ அதே வேதிமாற்றத்தை முடித்துவிடுகிறது. ஒரு கிராம் இரும்பு முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய 7.4 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். பறக்கும் பொறி என்பது பறந்துகொண்டே எரியும் இரும்பு.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் பீன்யா தொழிற்பேட்டையின் ஏதேனும் ஒரு டூல் ரூமில் சாணைக்கல்லின் அருகே சற்று நிற்கலாம். கரிமம் குறைந்த இரும்பை வைத்தால் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடி அணைகின்றன. பழைய அரம் போன்ற கரிமம் மிகுந்த எஃகை வைத்தால், ஒவ்வொரு பொறியும் நடுவழியில் வெடித்துக் கிளை கிளையாகப் பிரிகிறது. உருகிய துளிக்குள் இருக்கும் கரிமமும் எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் பெருக்கித் துளியைச் சிதறடிக்கிறது. அனுபவம் மிக்க மேஸ்திரிகள் அந்தப் பூவைப் பார்த்தே எஃகின் வகையைச் சொல்லிவிடுவார்கள். கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் கிளைப்பொறிகளும் இதே இரும்புத்தூள்தான். நாம் விரும்பி ரசிக்கும் அந்த அழகும், இரும்புக் கருவியால் விளையும் ஆபத்தும் ஒரே வேதிவினையில் பிறக்கின்றன என்பது எனக்கு ஒருபோதும் அலுக்காத வியப்பு.

அதே சாணைக்கல்லில் பித்தளையை வைத்தால் கல் அடைத்துக்கொள்ளுமே தவிர, பொறி எழுவதில்லை. செம்பு ஒரு கிராம் எரிந்தால் கிடைப்பது ஏறத்தாழ 2.5 கிலோஜூல்தான். செம்பின் வெப்பக் கடத்தல் சாதாரண எஃகைப்போல் சுமார் எட்டு மடங்கு. பித்தளையினுடையது இரண்டு மடங்கு. ஆகவே அடிபட்ட இடத்தின் சூடு உடனே பரவிவிடுகிறது. மென்மையான உலோகம் சீவப்படுவதற்கு முன் நசுங்கிக் கொடுக்கவும் செய்கிறது.

அலுமினியமும் மென்மையானதுதானே என்று சிலர் கேட்பார்கள். துருப்பிடித்த இரும்பின் மீது அலுமினியம் உரசிப் படிந்த இடத்தில் அடி விழுந்தால், அலுமினியம் துருவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு, 2000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தை உண்டாக்கக்கூடும். சுரங்கங்களில் இந்த உலோகத்துக்குக் கட்டுப்பாடு வந்த காரணம் இதுவே.

காத்துக் கருப்பு அண்டாதிருக்க இரும்புத் துண்டு ஒன்றை உடன் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. வெடிமருந்து அறையின் வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டிய முதல் பொருள் அந்த இரும்புதான். 2023 அக்டோபரில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தலைவிதி என்று சொல்லி நகர்ந்தவர்களைக் கண்டு மனம் கனத்தது. தீக்குத் தலைவிதி கிடையாது. எரிபொருளும் ஆக்சிஜனும் பற்றவைக்கும் ஆற்றலும் உண்டு, மூன்றையும் அளக்க முடியும். ராக்கெட் எரிதலை ஆராயும் இந்திய அறிவியல் கழகம் இருக்கும் நாட்டில், சிவகாசியின் கைவேலை அறைகளுக்கு ஏற்ற கருவிகளைச் சோதிக்கவும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பித்தளைக் கருவி இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. உரிமமின்றிப் பட்டாசு செய்வது நம் நாட்டில் குற்றம். மேலும், பொறி எழாத கருவியின் உரசலே சில கலவைகளுக்குப் போதும். ஆக்சிஜனை எளிதில் விட்டுக்கொடுக்கும் உப்பான குளோரேட்டுடன் கந்தகம் சேர்ந்த வெடிபொருள் 1992-இலேயே தடை செய்யப்பட்டது இந்த உணர்திறனால்தான். பித்தளையில் ஒரு மணல்துகளோ எஃகுச் சீவலோ பதிந்துவிட்டால் அதன் பாதுகாப்பும் போய்விடும்.

பிளாஸ்டிக் கருவியில் வேறு சிக்கல். பெங்களூரின் வறண்ட பிப்ரவரி மாதத்தில் கதவுப் பிடியைத் தொட்டதும் சுரீரென்று தாக்குவது நிலைமின்சாரம். நமக்கு அது உறைக்கவே ஏறத்தாழ 3000 வோல்ட் தேவை. நுண்தூள் கலவைகள் சிலவற்றுக்கு நாம் உணராத அளவே போதும். பிளாஸ்டிக் அந்த மின்னேற்றத்தைத் தன்மேல் தேக்கிவைக்கிறது. மரமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு அதை மெல்லக் கசியவிடுகிறது. அதனால்தான் முறையாக நடக்கும் ஆலைகளில் பருத்தி ஆடை அணிந்து, நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்ட பிறகே தொழிலாளர்கள் உள்ளே செல்கிறார்கள்.