கடல் மைல்

குளச்சலில் ஃபைபர் வள்ளத்து ஜிபிஎஸ் பெட்டியைப் பார்த்தால் தூரத்துக்குப் பக்கத்தில் 'என்எம்' என்று இருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் பறக்கும் விமானி பார்க்கும் திரையிலும் அதே எழுத்துகள்தான். அண்ணன் கடலுக்கும் தம்பி வளைகுடாவுக்கும் போகிற வீடுகள் குமரி மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. இரண்டு பேர் போகிற தூரத்துக்கும் ஒரே அளவு: நாட்டிகல் மைல்.

'மைல்' இலத்தீன் 'மில்லே'யிலிருந்து வந்தது. ஆயிரம் என்று பொருள். ரோமானியர் ஆயிரம் இரட்டை எட்டு வைத்து அளந்த தூரம் அது. 'நாட்டிகல்' என்பதற்கு வேர் கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'நௌஸ்'. சமஸ்கிருதத்து 'நௌ' அதற்கு உடன்பிறப்பு. நம் 'நாவாய்' இந்தக் குடும்பமா என்று கேட்டால் சண்டை வரும், அது இங்கே வேண்டாம்.

சாலை மைல் 1,609 மீட்டர். கடல் மைல் 1,852. எட்டு வைத்து அளந்ததல்ல இது, பூமியின் உருண்டையிலிருந்து எடுத்தது. அட்சரேகையில் ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கலையின் நீளம். பூமி துருவங்களில் சற்றுச் சப்பை என்பதால் இந்த நீளம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். 1929இல் மொனாக்கோவில் கூடிய மாநாடுதான் 1,852 மீட்டர் என்று நிறுத்தியது.

விமானத்துக்கு இதன் அருமை தூரக் கணக்கில் தெரியும். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழி, உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தது போன்ற வில். பெருவட்டத் தொலைவு என்பது அதுதான். திருவனந்தபுரமும் துபாயும் பூமியின் மையத்தில் சுமார் 26.5 பாகைக் கோணம் காட்டும். அதை 60ஆல் பெருக்கினால் 1,590 கடல் மைல், வேலை முடிந்தது. கிலோமீட்டரில் வேண்டுமென்றால் 1.852ஆல் பெருக்குங்கள், 2,945 வரும். விமானம் வளைந்து நெளிந்து போவதால் உண்மையில் பறப்பது இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்கள் எழுதும் 'கடல் மைல்' போதும். சிலர் 'கடற்மைல்' என்கிறார்கள், அது தவறு. லகரத்துக்குப் பின் மகரம் வந்தால் றகரம் தோன்றாது. கல்லும் மலையும் சேர்ந்தால் 'கன்மலை'தானே? அந்தக் கணக்கில் 'கடன்மைல்' என்று எழுத வேண்டும்! மைலே நாம் கடன் வாங்கிய சொல் என்பதால் பொருத்தம்தான், ஆனாலும் படிப்பவர் வட்டி கேட்பார். பிரித்தே எழுதுவோம். 'காதம்' என்று மாற்றச் சொல்வோரும் உண்டு. காதத்துக்கு ஆளுக்கொரு அளவு சொல்வார்கள், அதை வைத்து விமானம் ஓட்ட முடியாது.

செய்தி எழுதுவோர் சறுக்கும் இடம் ஒன்று: இந்தியாவின் கடல் எல்லை 12 கடல் மைல் என்றால் 22 கிலோமீட்டர். சாலை மைலாக எண்ணி 19 என்று போட்டால் மூன்று கிலோமீட்டர் கடல் காணாமல் போகும்.

அப்புறம் 'நாட்'. மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்தான் ஒரு நாட். முடிச்சுகள் போட்ட கயிற்றைக் கப்பலிலிருந்து ஓடவிட்டு, எத்தனை முடிச்சு போயிற்று என்று எண்ணிய காலத்துப் பெயர். 'மணி' அதற்குள்ளேயே இருப்பதால், வானிலைச் செய்தியில் 'மணிக்கு 30 நாட்' என்று எழுதினால் முன்னால் இருக்கும் 'மணிக்கு'வை அடித்துவிடலாம்.