தொகுதி அல்ல, முகத்தல்

கிராமில் சொன்னதைக் கப்பில் சொல்லும், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த அந்தச் சமையல் அட்டவணை மூன்றாவது முறையாகக் கைப்பேசிக்கு வந்துவிட்டது. தலைப்பு: ‘பொருட்களை எடையிலிருந்து தொகுதிக்கு மாற்றுதல்’. எந்தத் தொகுதிக்கு? திருவையாறா, மன்னார்குடியா? மைதாவுக்கு எப்போது ஓட்டுரிமை வந்தது?

மூலத்தில் இருந்த சொல் ‘வால்யூம்’. அதற்கு நூலின் பாகம் என்ற பொருளும் உண்டு, பொருள் அடைக்கும் இடமும் உண்டு. முன்னதற்கான தமிழைப் பின்னதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சரி, நமக்கென்ன சொல் பஞ்சமா? நிறுத்தலளவை, முகத்தலளவை, நீட்டலளவை என்று பள்ளியில் ஒப்பித்தவைதானே. முகத்தல் என்றால் மொள்ளுதல். குடத்தில் தண்ணீர் மொள்வதும் மரக்காலில் நெல் மொள்வதும் ஒன்றே. தொல்காப்பியம் அளவுப்பெயர் வேறு, நிறைப்பெயர் வேறு என்றே பேசுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்க ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால், பொன் நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் கல். பெயர் ஒன்றாக இருந்தும் அளப்பதும் நிறுப்பதும் அங்கே குழம்பவில்லை.

‘கொள்ளளவு என்று போட்டால் போச்சு’ என்கிறார் நண்பர். போகாது. கொள்ளளவு என்பது பாத்திரத்தின் குணம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாசனத்துக்கு வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 அன்று உள்ளே பாதிதான் கிடந்தாலும் அந்த எண் மாறாது. கிடப்பதற்கு இருப்பு என்று பெயர். குறுவைக்குத் தண்ணீர் வருமா என்று தினமும் செய்தி பார்க்கிற டெல்டாக்காரனுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலி டம்ளருக்கும் கொள்ளளவு உண்டு. அதில் போடும் மாவுக்கு ஏது? ‘கனஅளவு’ தப்பில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் சொல், அடுப்படிக்குள் வராது. முகத்தலில்தான் ஒரு கை இருக்கிறது, அள்ளுகிற கை.

அப்புறம் இந்த ‘மாற்றுதல்’. எதுவும் எதுவாகவும் மாறவில்லை. 250 மில்லி டம்ளரில் தண்ணீர் 250 கிராம் நிற்கும். அதே டம்ளரில் அரிசி சுமார் 200, மைதா சுமார் 125. மைதாவைத் தட்டித் தட்டி அமுக்கினால் இன்னும் ஏறும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு என்பதால் ‘அளவை வாய்ப்பாடு’ என்று தலைப்பு வைத்தால் போதும். உள்ளே ‘அளந்தால் இவ்வளவு, நிறுத்தால் இவ்வளவு’ என்று இரண்டு கட்டம். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை மளிகைக்கடைக்குப் போய்விட்டு வரலாம்.

‘கப்’பைக் ‘கோப்பை’ ஆக்கியது இன்னொரு கூத்து. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ரைஸ் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180. கோப்பை என்றதும் இந்த வித்தியாசமெல்லாம் காணாமல் போகிறது. எங்கள் பக்கம் கோப்பை என்றால் கபடிப் போட்டியில் கொடுப்பது.

அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடப் போன பெரியம்மாவிடம் அட்டவணையைப் படித்துக் காட்டினேன். “கோப்பைன்னா எதுடா? தலைதட்டியா, குவிச்சா?” என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ஆழாக்கைப் பானைக்குள் விட்டு, ஒன்று என்று சொல்லாமல் “லாபம்” என்று முதல் அளவைப் போட்டார்.