அப்ளிகேஷன் நம்பர் வந்துவிட்டால் பெயர் உங்களுடையது ஆகிவிடாது

போன வாரம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் மஞ்சப்பை. அதற்குள் அவர் தயாரித்து விற்கும் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முருங்கைக்கீரைப் பொடி பாக்கெட்டுகள், ஒரு வக்கீல் நோட்டீஸ், லேமினேட் செய்த ஒரு தாள். அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டிரேட்மார்க் நம்ம கிட்டத்தான் இருக்குங்க மேடம். அப்புறம் எப்படிங்க எனக்கே நோட்டீஸ் விடறாங்க?"

வாங்கிப் பார்த்தேன். டிரேட்மார்க்குக்கு, அதாவது பொருளின் பெயரைத் தனக்கே உரியதாகப் பதிவு செய்துகொள்ள, விண்ணப்பம் போட்டதற்கும் பணம் கட்டியதற்கும் வரும் ஒப்புகைச் சீட்டு அது. பதிவுச் சான்றிதழ் இல்லை. அதில் இருந்த நம்பரை டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் போட்டுத் தேடினேன். நிலை என்ற இடத்தில் 'அபாண்டண்ட்' என்று இருந்தது. கைவிடப்பட்டது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

2016-லிருந்து அந்தப் பெயரில் பொடி விற்கிறார். 2020-ல் போனில் விளம்பரம் பார்த்து ஒரு கன்சல்டன்சி மூலம் விண்ணப்பித்திருக்கிறார். டிரேட்மார்க்கில் பொருட்களையும் சேவைகளையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். அவர்கள் பொடி வகைகள் வரும் 30-ஆம் வகுப்பை விட்டுவிட்டு, விளம்பரம், கடை நடத்துதல் போன்ற சேவைகளுக்கான 35-ஆம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். நாலு வருடமாகப் புழக்கத்தில் இருந்த பெயரை 'இனிமேல் பயன்படுத்த உத்தேசம்' என்று குறித்திருக்கிறார்கள். பதிவகம் ஆட்சேபம் எழுப்பி அனுப்பிய ஆய்வறிக்கை அந்தக் கன்சல்டன்சியின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. யாரும் பதில் போடவில்லை. விண்ணப்பம் செத்துவிட்டது. அதற்கப்புறம் வேறு மாவட்டத்துக்காரர் ஒருவர் ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்தில் அதே பெயரை 30-ஆம் வகுப்பில் பதிவு செய்துவிட்டார். இப்போது அவர்தான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஆன்லைன் கடையிலிருந்து இந்த அம்மாவின் பொருட்களை ஏற்கெனவே நீக்கிவிட்டார்கள்.

இந்த இரண்டு மாதத்தில் இதே மாதிரி என் மேசைக்கு வந்த நான்காவது கோப்பு இது. ஊர் வேறு, பொருள் வேறு, தவறு மட்டும் அச்சு அசல் ஒன்றே.

முதலில் அந்த நம்பர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் வாங்கியவுடன் நிலம் உங்கள் பெயருக்கு மாறிவிடுமா? டோக்கனை லேமினேட் செய்து பீரோவில் வைப்போமா? டிரேட்மார்க் விண்ணப்ப எண்ணும் அந்த டோக்கன் மாதிரிதான். ஆன்லைனில் படிவத்தை நிரப்பிக் கட்டணம் கட்டினால் அந்த நிமிடமே எண் வந்துவிடும். அதற்குள் எந்த அதிகாரியும் உங்கள் பெயரைப் பார்த்திருக்க மாட்டார். பிறகுதான் ஒருவர் எடுத்து ஆராய்வார். பெயர் பொருளையே வர்ணிக்கிறது என்றால் டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவிலும், ஏற்கெனவே இருக்கும் பெயரோடு ஒத்துப்போகிறது என்றால் 11-ஆம் பிரிவிலும் ஆட்சேபம் எழுப்புவார். அறிக்கை கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் விசாரணை. ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் ஜர்னல் என்ற பதிவக இதழில் வெளியிடுவார்கள். அதிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதையும் தாண்டினால்தான் சான்றிதழ்.

இணையதளத்தில் 'அப்ஜெக்டட்' என்றும் 'அப்போஸ்டு' என்றும் இரண்டு நிலைகள் வரும். காதில் ஒன்றுபோல விழும், ஆனால் விஷயம் வேறு. முதலாவது, பதிவகமே கேட்கும் கேள்வி. இரண்டாவது, வெளியிலிருந்து ஒருவர் உங்களை எதிர்த்து நிற்கிறார் என்று அர்த்தம். எதிர்ப்பு நோட்டீஸின் நகல் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்தாக வேண்டும். இந்தக் கெடுவை நீட்டிக் கேட்க வழியில்லை. தவறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே சட்டம் கருதும். குலதெய்வக் கோயில் திருவிழா, வீட்டில் கல்யாணம், ஆடிட்டர் ஊரில் இல்லை என்ற காரணம் எதுவும் அங்கே செல்லாது.

அடுத்தது, "எங்களிடம் எல்லாம் இருக்கிறது" என்று வருகிறவர்கள். ஜிஎஸ்டி எண் இருக்கும், உத்யம் சான்றிதழ் இருக்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் இருக்கும், டாட் காம் முகவரியும் வாங்கியிருப்பார்கள். ஜிஎஸ்டி நீங்கள் வரி கட்டுவதற்கு. எஃப்எஸ்எஸ்ஏஐ உங்கள் பொடி சாப்பிடத் தகுந்ததா என்று கவனிப்பதற்கு. உத்யம் நீங்கள் சிறுதொழில் செய்கிறவர் என்பதற்கு. இவற்றில் எதுவும் பாக்கெட்டின் மேல் இருக்கும் பெயரை உங்களுக்கு எழுதிக் கொடுப்பதில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தவர்கள் இன்னும் உறுதியாக நம்புகிறார்கள். கம்பெனிப் பெயரை அரசாங்கமே ஒப்புக்கொண்டது என்பார்கள். கம்பெனிப் பதிவேடு வேறு, டிரேட்மார்க் பதிவேடு வேறு. அடுத்தவரின் பதிவு செய்த டிரேட்மார்க்கைக் கம்பெனிப் பெயரிலேயே வைத்துக்கொண்டு அதே பொருளை விற்றால் அதுவும் மீறல்தான். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் இது தெளிவாகவே இருக்கிறது.

இன்னொன்று. சான்றிதழ் வராமல் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியைப் பாக்கெட்டில் அச்சடிக்காதீர்கள். பதிவாகாததைப் பதிவானது என்று காட்டுவது சட்டப்படி தவறு. டி.எம். என்று போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அந்த அம்மாவின் மூன்று வகைப் பாக்கெட்டிலும் வட்டத்துக்குள் ஆர் இருந்தது. அச்சகத்துக்காரர் "எல்லோரும் போடுவாங்கக்கா" என்று சேர்த்துவிட்டாராம். எதிர்த்தரப்பு நோட்டீஸில் அதற்கென்றே ஒரு பத்தி.

சரி, யாரிடம் போவது? டிரேட்மார்க் பதிவகத்தின் முன் உங்களுக்காக ஆஜராகச் சட்டம் அனுமதிப்பது வழக்கறிஞரையும், பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்ட்டையும்தான். உங்களிடமே முழுநேரமாக வேலை பார்க்கும் ஊழியருக்கும் அந்த அனுமதி உண்டு. ஆடிட்டர் உங்கள் கணக்கை நன்றாகப் பார்ப்பார், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஜிஎஸ்டி ரிட்டர்னோடு சேர்த்து "இதையும் போட்டுடுங்க" என்று கொடுக்கிற வேலை இது இல்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. ஆகவே உங்கள் போனில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் நடுவில் நிற்கும் கம்பெனிகளுடையவை. அவர்களுக்குப் பின்னால் யார் கையெழுத்துப் போடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சார்பில் செயல்பட அனுமதி தரும் அதிகாரப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திடுகிறீர்களே, அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு முறையாவது படித்துப் பாருங்கள்.

கட்டணக் கணக்கு எளிது. தனிநபர், ஸ்டார்ட்அப், உத்யம் சான்றிதழ் உள்ள சிறுநிறுவனம் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. இப்படியிருக்க, "1,999 ரூபாயில் டிரேட்மார்க்" என்று ஒருவர் சொன்னால் அதில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் கேளுங்கள். முக்கியமாக, ஆட்சேபம் வந்தால் பதில் யார் எழுதுவது, அதற்கு எவ்வளவு, விசாரணைக்கு யார் போவது? எங்கள் தொழிலில் படிவம் நிரப்புவது அரை மணி நேர வேலை. மீதியெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான். முன்னால் தேடல், பின்னால் பதில்.

தேடல் என்றால் பெயரை அப்படியே தட்டச்சு செய்து 'இல்லை' என்று பார்ப்பது மட்டுமல்ல. காதுக்கு எப்படிக் கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். அமிர்ததாரா, லட்சுமண்தாரா என்ற இரண்டு மருந்துப் பெயர்களும் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் "இங்கிலீஷ்ல ஒரு 'ஏ' கூடச் சேர்த்துட்டோம் மேடம், இப்ப வேற பேருதானே" என்று கேட்கிறார்கள். நியூமராலஜி பார்த்து எழுத்துக் கூட்டுவது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், பாக்கெட்டில் இன்னொன்று, விசிட்டிங் கார்டில் மூன்றாவது என்று இருந்தால், நாளைக்கு எதை வைத்து நான் உங்களுக்காக வாதாடுவேன்? ஜோசியரைப் பார்ப்பதானால் விண்ணப்பிப்பதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வழக்கு முடிவாகிவிடுகிறது. 'சுத்தமான செக்கு எண்ணெய்' என்ற பெயரை யாரும் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, எல்லாச் செக்குக்காரர்களுக்கும் அந்தச் சொற்கள் வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, அந்தப் பெயரைத் தனியொருவர் சொந்தம் கொண்டாட இடமில்லை. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று ஒருவர் கேட்டபோது, புனித நூலின் பெயரை ஒருவருக்கு மட்டும் தர முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது எவ்வளவு யோசிக்கிறோம்? தொழிலுக்கும் அந்த யோசனையைக் கொடுங்கள்.

வகுப்புகள் மொத்தம் 45. பொடி, மாவு, காபி எல்லாம் 30. ஊறுகாயும் எண்ணெயும் 29. மெஸ் நடத்தினால் 43. நம் ஈரோட்டுக்காரர்கள் சட்டை தைத்து விற்றால் 25, பெட்ஷீட் நெய்தால் 24. கேட்டுப் போடுங்கள். விண்ணப்பதாரர் யார் என்பதையும் பாருங்கள். மச்சான் பெயரிலும் விநியோகஸ்தர் பெயரிலும் போட்டுவிட்டுப் பிறகு உறவு கசந்தபின் வருகிறவர்களுக்கு என்ன சொல்வதென்றே எனக்குத் தெரிவதில்லை. லோகோ வரைந்தவரிடம் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் லோகோவோடு நிறுத்தாமல், பெயரைச் சொல்லாக மட்டும் தனியே பதிவு செய்யுங்கள், டிசைன் மாறினாலும் சொல் நிற்கும். பதிவானபின் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஏற்றுமதி செய்கிறவர்கள் இந்தியப் பதிவு சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் செல்லாது என்பதை மறக்க வேண்டாம். மாட்ரிட் முறை என்ற சர்வதேச ஏற்பாட்டில் இங்கிருந்தபடியே அங்கும் விண்ணப்பிக்கலாம்.

உங்கள் மின்னஞ்சலையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள். மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். இலவசம், இரண்டு நிமிட வேலை, யாருடைய தயவும் வேண்டாம். அந்த அம்மா 2020-லிருந்து ஒரு முறை பார்த்திருந்தால் போதும், மறுபடி விண்ணப்பித்திருக்கலாம்.

"அப்ப எல்லாம் போச்சுங்களா?" என்று கேட்டார். போகவில்லை. பதிவு செய்தவருக்கும் முன்பே ஒரு பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தவரைச் சட்டம் கைவிடுவதில்லை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கைச் சொன்னேன். எதிர்த்தரப்பும் 'திருநெல்வேலி' என்று முன்னால் சேர்த்துப் பதிவு வாங்கி வைத்திருந்தது. பதிவைவிட முந்தைய பயன்பாடே மேலானது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு "அப்ப பதிவே தேவையில்லையே" என்று கிளம்பிவிடாதீர்கள். நெல்லையப்பர் கோயில் எதிரே தலைமுறைகளாக நடக்கும் கடைக்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. உங்கள் முந்தைய பயன்பாட்டை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். நிரூபிக்கக் காகிதம் வேண்டும்.

அதனால் அவரிடம் வேறு எதையும் கேட்கவில்லை, பழைய பில் கேட்டேன். பெயர் போட்ட முதல் கவர் எங்கே அச்சடித்தீர்கள், அந்த அச்சக பில் இருக்கிறதா? கடைகளுக்குப் போட்ட டெலிவரி சீட்டு, கண்காட்சியில் ஸ்டால் எடுத்த ரசீது, பழைய வாட்ஸ்அப் ஆர்டர், எதுவானாலும் சரி, ஆனால் பெயரும் தேதியும் இரண்டும் அதில் இருக்க வேண்டும் என்றேன். பரணில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய பில் கிடக்கிறது, வீட்டுக்காரர் எடைக்குப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தார், தானே விடவில்லை என்றார்.

நேற்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஓரம் கரையான் அரித்த அச்சக பில். ஆயிரம் கவர், ஒரு கலர். பெயர் முழுசாகத் தெரிகிறது. தேதி 2016 ஆகஸ்ட். எதிர்த்தரப்பின் பதிவேட்டில் அவர் பயன்படுத்தத் தொடங்கியதாகச் சொல்லும் தேதி 2021. நோட்டீஸுக்குப் பதில் இன்று காலை தயாராகிவிட்டது. கூடவே 30-ஆம் வகுப்பில் புது விண்ணப்பமும். அதில் அவருடைய மின்னஞ்சலைத்தான் முதலில் எழுதினேன்.