விழித்திருக்கும்போதே ட்யூப்: எந்த மருந்து கைகொடுக்கும்?

"என்னைத் தூங்க வைத்துவிட்டு ட்யூப் போட்டால் என்ன டாக்டர்?" அறுவை சிகிச்சைக்காக மூச்சுக்குழாயில் ட்யூப் போட வேண்டிய, வாய் ஒரு விரல் அளவே திறக்கும் நோயாளிகள் அனேகமாக எல்லோரும் இதைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முழு மயக்கத்தில் மூச்சு நின்றபின், ட்யூபும் போகவில்லை, மாஸ்க் வைத்தும் காற்று இறங்கவில்லை என்றால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அவர் சொந்தமாக மூச்சுவிடும்போதே, பெரும்பாலும் மூக்கு வழியாக, மெல்லிய ஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் வளையும் கருவி) செலுத்தி அதன்மேலேயே ட்யூபை இறக்குகிறோம்.

கேட்கவே பயமாக இருக்கும். பயம் குறைய மருந்து தரலாம், மூச்சு மட்டும் குறையக் கூடாது. சிக்கலே இங்கேதான்.

மிடாசோலம் பதற்றத்தைத் தணிக்கும், நடந்ததையும் பெரும்பாலும் மறக்கடிக்கும்; இருமலை அடக்காது. ஃபென்டனில் இருமலை அடக்கும், கூடவே மூச்சையும். பயிற்சிக் காலத்தில் இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்தேன். நோயாளி அமைதியானார். ரொம்பவே அமைதியானார். ஆக்சிஜன் அளவைக் காட்டும் மானிட்டரின் 'பீப்' ஒலி சுருதி இறங்க இறங்க, "மூச்சை இழுங்க, நல்லா இழுங்க" என்று கத்திக்கொண்டே தாடையைத் தூக்கிப் பிடித்தேன். நல்லவேளை, மீண்டார். மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில், ஃபென்டனிலுக்கு நாலாக்சோன் என முறிவு மருந்துகள் உண்டுதான். அவை தேவைப்படும் நிலைக்கு விடாமல் இருப்பதே வேலை.

இப்போது என் கை முதலில் போவது டெக்ஸ்மெடிடோமிடினுக்கு. இதில் வரும் தூக்கம் இயல்பான தூக்கத்துக்கு நெருக்கமானது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறப்பார், சொன்னதைச் செய்வார், மூச்சும் அதிகம் பாதிக்கப்படாது. ஆனால் அவசரப்படுத்த முடியாத மருந்து: கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வீதம், 10 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கலாம். துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருப்பவருக்கு யோசித்துத்தான் கொடுப்பேன்.

ரெமிஃபென்டனில் இருமலை அடக்குவதில் கெட்டிக்காரன். நிறுத்தினால் சில நிமிடங்களில் வேகம் போய்விடும். மறதி தராது, அளவு கூடினால் மூச்சு நிற்கும். மருந்தை ஏற்றும் பம்ப்பைப் பார்த்துக்கொள்ள மட்டும் இன்னொரு மயக்க மருத்துவர் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. புரோபோஃபால்? இந்த வேலைக்கு எனக்குப் பிடிக்காது. அமைதிக்கும் மூச்சடைப்புக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறியது.

சரி, இத்தனை மருந்தும் துணைக்குத்தான். தொண்டை மரத்துப்போகாவிட்டால் எந்த மருந்தாலும் சமாளிக்க முடியாது. பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன: மரக்கச் செய்வதில் விட்ட குறையை மயக்க மருந்தால் ஈடுகட்டக் கூடாது. மரக்கச் செய்யும் மருந்தான லிக்னோகெயினுக்கும் உச்சவரம்பு உண்டு: கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு 9 மில்லிகிராம். மூச்சுப்பாதை ஏற்கெனவே மிகவும் குறுகியிருந்தால், மரக்கும் மருந்து மட்டுமே. தூக்க மருந்தை நான் தொடுவதில்லை.

ஸ்ப்ரே அடிக்கும்போது கசக்கும், இருமல் வரும். நாக்கு தடித்த மாதிரி, எச்சில் விழுங்க முடியாத மாதிரி இருக்கும். பலர் பயப்படுவது இந்த நொடியில்தான். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ட்யூப் குரல்நாண்களைத் தாண்டியதும் பேச்சு வராது. அதனால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வேன்: பரவாயில்லை என்றால் கட்டைவிரலைத் தூக்குங்கள், நிறுத்தணும் என்றால் கையைத் தூக்குங்கள்.